அரைப்பேரும் முழுப்பேரும்

கொடகவெல, இறக்குவானைத் தோட்டங்களில் முதன்முறை வாக்களிக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே, தங்கச்சிமாரே,

அந்தி நிறுவையில் கொழுந்து குறைந்துபோனால் கணக்கப்பிள்ளை "அரைப்பேர்" என்று சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், அட்டைக்கடி பட்டு, மலை ஏறி இறங்கிய முழு நாளும் செக்றோலில் பாதியாக விழுந்துவிடும். அப்போது அம்மாவின் முகம் எப்படிப் போகும் என்பதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்தில் பேர் என்றால் இரண்டு. தாய் தகப்பன் வைத்த பேர் ஒன்று, தோட்டம் போடும் பேர் ஒன்று. மூன்றாவதாகவும் ஒரு பேர் இருக்கிறது. வாக்காளர் இடாப்பில் ஏறும் பேர். இந்த மடல் அந்த மூன்றாவது பேரைப் பற்றியது.

போன மாதம் கொடகவெல பஸ் நிலையத்தில் என்னிடம் படித்த ஒரு பிள்ளையைக் கண்டேன். பதினெட்டு முடிந்துவிட்டதாம். இடாப்பில் பேர் பதிந்தாயா என்று கேட்டேன். "வோட்டுப் போட்டு என்ன ஆகப்போகுது மாஸ்டர்? நம்ம ஆளுங்க இங்க பத்துக்கு ஒண்ணுதான்" என்றான். நான் பதில் சொல்வதற்குள் எம்பிலிப்பிட்டிய பஸ் வந்துவிட்டது. அவன் ஏறிப் போய்விட்டான். அவனுக்குச் சொல்ல நினைத்ததை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அவன் கேட்டது வெறும் சலிப்பல்ல. கணக்குத் தெரிந்த கேள்வி. நுவரெலியாவில் மலைக்கு மலை நம் லயங்கள் தொடர்ந்து கிடக்கின்றன. இரத்தினபுரி மாவட்டத்தில் அப்படியில்லை. ஒரு தேயிலைத் தோட்டம், அடுத்து ஒரு சிங்களக் கிராமம், ஓர் இறப்பர் தோட்டம், கொஞ்சம் வயல், ஒரு மாணிக்கக் குழி, மறுபடியும் ஒரு லயம். சிதறிக் கிடக்கும் சனம் நாம். சிதறிக் கிடப்பவர்களின் வாக்குக்கு என்ன மதிப்பு? இதற்கு விடை வேண்டுமென்றால் தொண்ணூறு ஆண்டுக் கதையைக் கேட்க வேண்டும்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு இந்த நாட்டில் சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. ஆசியாவின் பல நாடுகளில் அந்தப் பேச்சே எழாத காலம். ஆனால் தோட்டத்து லயத்துக்கு அது வாசலைத் தாண்டி முழுதாக உள்ளே வரவில்லை. நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்று காட்டு, சான்றிதழ் எடு என்று நிபந்தனை போட்டார்கள். ஆறு ஏழு லட்சம் பேர் இருந்த சமூகத்தில் அந்தத் தேர்தலுக்கு இடாப்பில் ஏறியவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர்தான். நாட்டுக்கு முழுப்பேர் விழுந்த நாளில் நமக்கு விழுந்தது அரைப்பேர்கூட இல்லை.

ஆனாலும் சப்ரகமுவ மண்ணில் வாக்கு அன்றைக்கே பெரிய காரியங்களைச் செய்தது. 1931 நவம்பரில் ருவன்வெல்ல இடைத்தேர்தலில் வென்ற அட்லின் மொலமூரேதான் அரசாங்க சபைக்குள் நுழைந்த முதல் பெண். 1934, 35இல் மலேரியா கேகாலைப் பக்கத்தைச் சூறையாடியபோது மருந்தும் பருப்பும் சுமந்து வீடு வீடாகப் போனவர் என்.எம். பெரேரா. அவருடைய சமசமாஜக் கட்சி தொடங்கிய மறு ஆண்டே, 1936இல், அதே ருவன்வெல்ல மக்கள் அவரைச் சபைக்கு அனுப்பினார்கள். 1947இல் நம் மாவட்டத்துக் கிரியெல்ல தொகுதியில் வென்ற புளோரன்ஸ் சேனாநாயக்க, நாடாளுமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர். அதே தேர்தலில் பலாங்கொடையில் வென்ற சேர் பிரான்சிஸ் மொலமூரே முதல் சபாநாயகரானார். புதிய வாசல்கள் திறந்த மாகாணம் இது. இதைப் பெருமையோடு ஞாபகத்தில் வையுங்கள்.

அந்த 1947 தேர்தலில் நம்மவர்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பிடித்தது. எல்லாம் மத்திய மலைநாட்டிலும் ஊவாவிலும் கிடைத்தவை. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் நம் பாட்டன்மாரின் வாக்கு இங்கே வீணாகியதா? இல்லை. தம் ஆள் நிற்காத தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளின் பக்கம் விழுந்து முடிவுகளை மாற்றின என்று வரலாறு எழுதியவர்கள் பலர் சொல்கிறார்கள். பிறகு வந்தது பேர் வெட்டு. அதற்கான காரணங்களில் இதையும் ஒன்றாக அவர்கள் எண்ணுகிறார்கள். வீணான வாக்கை யாரும் இவ்வளவு சிரமப்பட்டுப் பறிக்கமாட்டார்கள். பஸ் நிலையத்துப் பிள்ளைக்கு என் முதல் பதில் இதுதான்.

பறித்த விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. லயத்தில் பிறந்த பாட்டனுக்குச் சான்றிதழ் எங்கே தேடுவது? 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு சின்னக் கதவைத் திறந்தது. ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றில் எட்டு லட்சத்துக்கும் அதிகமானோரின் பேர் இருந்தது. ஆண்டுக்கணக்காக விசாரித்து முடிந்தபோது பிரஜைகளானவர்கள் ஏறக்குறைய 1,34,000 பேர். அதே 1949இல் 48ஆம் இலக்கச் சட்டம், பிரஜை அல்லாதவருக்கு இடாப்பில் இடமில்லை என்று முடித்தது. கத்தி ஓங்காமல், சத்தம் போடாமல், ஒரு பட்டியலைத் திருப்பி எழுதி ஒரு சனத்தையே வெளியே நிறுத்தினார்கள்.

அப்போது எழுந்த முதல் பெரிய வழக்கு நம் மாகாணத்திலிருந்துதான் போனது. கொடகன்பிள்ளை என்பவர் ருவன்வெல்ல தொகுதி இடாப்பில் தம் பேரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். இடாப்பைத் திருத்தும் அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஓர் இனத்துக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்று சொல்லும் 29ஆம் பிரிவை இந்தச் சட்டங்கள் மீறுகின்றன என்றார். உயர்நீதிமன்றம் 1951இல் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. இலண்டன் கோமறைக் கழகமும் 1953இல் கைவிரித்தது. வழக்குத் தோற்றது. என்றாலும் ஒரு மனிதர் ஒரே ஒரு பேருக்காகக் கடல் தாண்டி வாதாடினார் என்பது நம் மண்ணின் சொத்து. கேட்டது பணமோ காணியோ அல்ல. இடாப்பில் ஒரு வரி.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். 1959 எல்லை நிர்ணயத்துக்குப் பின், 1960 மார்ச்சில் இறக்குவானை என்ற தனித் தொகுதி முதன்முறை தேர்தலைக் கண்டது. இன்றைக்கும் கொடகவெல அந்த இறக்குவானைத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. ஒரு மாகாணத்துக்கு எத்தனை ஆசனம் என்று அன்று எப்படிக் கணக்கிட்டார்கள் தெரியுமா? 75,000 பேருக்கு ஒன்று, ஆயிரம் சதுர மைலுக்கு ஒன்று. அந்த 75,000 பேர் என்ற கணக்கில் பிரஜை, பிரஜை அல்லாதவர் என்ற பிரிவு இல்லை. லயத்தில் படுத்துறங்கிய நாடற்றவரின் தலையும் அதில் எண்ணப்பட்டது. நம் தலைகளை எண்ணி மலைநாட்டுக்கும் சப்ரகமுவவுக்கும் ஆசனம் கூட்டினார்கள். அந்த ஆசனத்தில் யார் உட்காருவது என்று கேட்கும் நாளில் நம் கைகளை எண்ணவில்லை.

தலைக்கணக்கில் இருந்தோம், வாக்குக்கணக்கில் இல்லை. இதைவிடப் பெரிய அரைப்பேர் எது?

இப்படியே 1960இல் இரண்டு தேர்தல்கள், 1965, 1970, 1977 என்று இறக்குவானைத் தொகுதி ஐந்து பொதுத் தேர்தல்களைக் கண்டது. என் தகப்பனார் அந்த ஐந்து நாளும் மலைக்குத்தான் போனார். தோட்டத்து ரோட்டில் கொடி கட்டிய கார்கள் போகும். கங்காணி மகன் ஒருவனுக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் அவன் மட்டும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாக்களிக்கப் போவான். லயத்துப் பிள்ளைகள் நாங்கள் அவன் பின்னால் பாதி தூரம் ஓடுவோம். அவன் திரும்பி வந்ததும் விரலில் என்ன இருக்கிறதென்று சுற்றி நின்று பார்ப்போம். அப்பாவின் விண்ணப்பம் ஒரே வரிப் பதிலோடு தள்ளப்பட்டிருந்தது. அந்தக் கடதாசியை அவர் தகரப்பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்திருந்தார். ஏன் எறியவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "என் பேர் எழுதியிருக்குல்ல" என்றார்.

இடையில் 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க நம் இரத்தினபுரியில் பிறந்தவர், பலாங்கொடைப் பக்கத்தில் வளர்ந்தவர். ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பின்னால் பார்க்கலாம் என்றார்கள். 1974இல் அந்த மீதியைப் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பங்கு போட்டது உயிர்களை. அண்ணன் மண்டபம் முகாமுக்கும் தம்பி இறக்குவானை லயத்துக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் உங்கள் தோட்டத்திலும் இருக்கும். பாட்டியிடம் கேளுங்கள், இராமேசுவரம் கப்பலை அவர் சொல்லுவார்.

1977க்குப் பின் இன்னொரு விதமான பேர் வெட்டு நடந்தது. அதைச் சட்டம் செய்யவில்லை, பயம் செய்தது. 1977இல், 1981 ஓகஸ்டில், 1983 ஜூலையில் என்று இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் மூன்று முறை அடிபட்டன. 1981இன் தொடக்கத்தில்தான் பக்கத்துக் கலவானைத் தொகுதியில் நாடே பார்த்த ஓர் இடைத்தேர்தல் நடந்து கம்யூனிஸ்ட் கட்சியின் சரத் முத்தெட்டுவகம வென்றார். தொகுதி மக்களின் தீர்ப்பு எவ்வளவு பெரியது என்று கொழும்பில் வாதாடிய அதே ஆண்டின் ஓகஸ்டில், நம் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள்ளும் இறப்பர்க் காட்டுக்குள்ளும் இரவைக் கழித்தது. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்விட்டன. எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பராவில் நான்கு பூட்டிக் கிடந்தது. அந்த வேளையில் கதவைத் திறந்து எங்களை உள்ளே எடுத்த சிங்கள வீடுகளும் இருந்தன. நான் உயிரோடு இருந்து இதை எழுதுவது அப்படி ஒரு வீட்டின் சமையலறையில் இரண்டு இரவு ஒளிந்திருந்ததால்தான். இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும்.

1986இலும் 1988இலும் வந்த சட்டங்கள் நாடற்றவர் பலருக்குப் பிரஜாவுரிமை தந்தன. எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. 1948இல் எடுத்ததைத் திருப்பித் தர 55 ஆண்டு பிடித்தது. தொழிற்சங்கங்கள் நடத்திய போராட்டம், சாத்வீகம், பேரம், பிரார்த்தனை என்று எத்தனையோ அதற்குள் இருக்கின்றன. யாரும் அதைச் சும்மா தரவில்லை.

நான் முதன்முதலில் வாக்களித்தது 1989 பெப்ரவரி 15. முப்பது வயதைத் தாண்டியிருந்தேன். வாக்களிக்கப் போகக்கூடாது என்ற மிரட்டல் ஊரெங்கும் இருந்த காலம். அம்மா வேண்டாம் என்று அழுதார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தகரப்பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார். சாவடியில் எழுதுவினைஞர் என் பேரை உரத்து வாசித்தபோது எனக்குக் கால் நடுங்கியது. மிரட்டலுக்காக இல்லை. என் பேரை அரசாங்கம் சத்தமாகச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அந்தத் தேர்தலோடு முறையே மாறிவிட்டது. 1978 அரசியலமைப்பின் விகிதாசார முறையில் நடந்த முதல் பொதுத் தேர்தல் அது. இறக்குவானை தனி ஆசனமாக இருந்த நிலை போய், இரத்தினபுரி மாவட்டத்தின் எட்டு வாக்கெண்ணும் தொகுதிகளில் ஒன்றாகியது. எஹலியகொடை, இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை, நிவித்திகலை, கலவானை, கொலொன்ன என்பவை மற்ற ஏழு. மாவட்டம் முழுவதும் ஒரே களம். இப்போது 11 ஆசனங்கள். கட்சிக்கு ஒரு வாக்கு, அந்தக் கட்சியின் பட்டியலில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு. மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு வாக்கைத் தாண்டாத கட்சிக்கு ஆசனப் பங்கில் இடமில்லை. முன்னே பன்னிரண்டரை பங்கு என்று இருந்ததை 1988இன் 15ஆம் திருத்தம்தான் ஐந்தாகக் குறைத்தது.

சிதறிக் கிடக்கும் சனத்துக்கு இந்த மாற்றம் பெரிது. இறக்குவானையில் ஆயிரம், பலாங்கொடையில் ஆயிரம், காவத்தையில் ஐந்நூறு என்று துளித்துளியாகக் கிடக்கும் வாக்கு தனித் தொகுதி முறையில் தரையில் உறிஞ்சிப் போய்விடும். மாவட்டம் ஒரே களமானால் அது ஒரு குடத்தில் சேரும். 2012 செப்டெம்பர் 8இல் நடந்த சப்ரகமுவ மாகாணசபைத் தேர்தல் அதைக் காட்டியது. ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த மலையகக் கட்சிகள் ஒரே பட்டியலில் நின்றன. 44 ஆசனங்களில் இரண்டு நமக்குக் கிடைத்தன.

2024 நவம்பர் 14 இன்னொன்றைக் காட்டியது. தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் நின்ற சுந்தரலிங்கம் பிரதீப் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் போனார், பிரதி அமைச்சருமானார். அவருக்கு விழுந்த விருப்பு வாக்குகள் ஒரு லட்சத்துக்கு மேல். கணக்குத் தெரிந்த பிள்ளைகளே, யோசித்துப் பாருங்கள். கைக்குழந்தையையும் சேர்த்தே மாவட்டத்தில் தமிழர் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவில்தான். அந்த லட்சம் லயத்திலிருந்து மட்டும் வந்திருக்க முடியாது. வயல் பக்கத்து வீடுகளும், மாணிக்கக் குழியில் இறங்குபவரும், பஸ் ஓட்டுபவரும் ஒரு தமிழ்ப் பேருக்கு எதிரே குறி இட்டிருக்கிறார்கள். நான் எந்தக் கட்சிக்கும் ஆள் சேர்க்கவில்லை. அவரையும் அவர் கட்சியையும் கேள்வி கேட்கவேண்டியது உங்கள் கடமை. நான் சொல்வது ஒன்றுதான். இரண்டு இரவு என்னை ஒளித்துவைத்த சமையலறைக்கும் அந்த வாக்குக்கும் உறவு இருக்கிறது. பத்துக்கு ஒன்றாக இருப்பது ஒதுங்கிப் போவதற்கான காரணமல்ல. பக்கத்து ஒன்பது பேரோடு பேசுவதற்கான காரணம்.

ஆனால் முழுப்பேர் விழுந்துவிட்டது என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். பிரதேச சபையைப் பாருங்கள். 1987இன் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்துக்குள் ரோடு போடவோ தண்ணீர் கொடுக்கவோ சபைக்கு அது தடையாக நின்றது. நம் வாக்கை வாங்கிக்கொண்ட சபை, லயத்து வாசலில் ஒரு கல்லைப் புரட்டவும் தோட்ட நிர்வாகத்தின் முகத்தைப் பார்க்கவேண்டி இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். சட்டம் திருந்தியது பலருக்கு இன்னும் தெரியாது. கொடகவெல பிரதேச சபைக்கு மனு எழுதும்போது, "இது தோட்டக் காணி" என்று யாராவது சொன்னால், சட்டம் மாறிவிட்டது என்று மரியாதையோடு சொல்லுங்கள்.

மாகாணசபையையும் பாருங்கள். சப்ரகமுவ மாகாணசபையின் காலம் 2017இல் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றினார்கள், எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றம் நிராகரித்தது, அன்றிலிருந்து தேர்தல் இல்லை. நாளை புதிய எல்லைக்கோடுகள் வரையப்படும். சிதறிக் கிடக்கும் சனத்தை அந்தக் கோடு சேர்க்கவும் கூடும், கிழிக்கவும் கூடும். கோடு போடுகிறவர்கள் கருத்துக் கேட்கும் நாளில் கொடகவெலயிலிருந்து ஒரு கடிதமாவது போகவேண்டும். தலையை மட்டும் எண்ணிக்கொண்டு போக இன்னொருமுறை விடக்கூடாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை சின்ன விஷயங்கள்.

கிராம சேவகர் வாக்காளர் படிவம் கொண்டுவரும்போது அதை நிரப்பும் வேலையைத் தலைவரிடமோ கணக்கப்பிள்ளையிடமோ விடாதீர்கள். பேனாவை நீங்கள் பிடியுங்கள். ஒரே லயத்துக்கு ஒரே முகவரி என்பதால் கடிதங்கள் தோட்டத்துக் கந்தோரில் குவிந்து கிடப்பது உங்களுக்குத் தெரியும். காம்பரா இலக்கத்தைத் தெளிவாக எழுதுங்கள். இடாப்பைப் பார்வைக்கு வைக்கும் நாட்களில் போய்ப் பாருங்கள். உங்கள் பேரோடு அம்மாவின் பேர், தாத்தாவின் பேர், கொழும்புக் கடையில் நிற்கும் அண்ணனின் பேர் எல்லாவற்றையும் பாருங்கள். எழுத்து ஒன்று பிழைத்திருந்தாலும் திருத்தச் சொல்லுங்கள். வாக்குச்சீட்டில் கட்சியோடு நிறுத்திவிடாமல் மூன்று விருப்பு இலக்கங்களையும் அறிந்து இடுங்கள். எப்படி இடுவது என்று தெரியாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுங்கள். யாருக்கு இடுவது என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அது அவர்கள் பேர்.

அப்பா 2001இல் போய்விட்டார். பெட்டியைத் திறந்தபோது இரண்டு கடதாசி இருந்தது. ஒன்று, அந்தத் தள்ளப்பட்ட விண்ணப்பத்தின் பதில். மற்றது 1994 தேர்தலுக்கு அவருக்கு வந்த வாக்காளர் அட்டை. இரண்டையும் ஒன்றாக மடித்து வைத்திருந்தார். அந்தத் தேர்தலில் யாருக்கு வாக்களித்தார் என்று எனக்குக் கடைசிவரை சொல்லவே இல்லை.

பஸ் ஏறிப் போன தம்பி, அடுத்தமுறை கொடகவெலயில் என்னைக் கண்டால் யாருக்குப் போடப்போகிறாய் என்று நான் கேட்கமாட்டேன். இடாப்பில் உன் பேருக்கு நேரே இருக்கும் இலக்கம் என்ன என்று கேட்பேன். அதை மனப்பாடமாகச் சொல்லு.

அன்புடன்,
உங்கள் பழைய மாஸ்டர்,
கொடகவெல.